வார்த்தைக்கு 80 காசு: எந்த வார்த்தைக்கு என்று கேட்காமல் விட்ட நாலு வருடம்

நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். ஸ்ரீரங்கத்தில் வீட்டில் இருந்தபடியே வேலை. குழந்தை பிறந்த பிறகு தனியார் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, 2017 ஜூனில் சென்னையில் உள்ள ஒரு ஏஜென்சிக்கு வேலை செய்ய ஆரம்பித்தேன். மருத்துவமனைப் படிவங்கள், இன்சூரன்ஸ் கடிதங்கள், செல்போன் ஆப்களில் வரும் வரிகள் என்று எல்லாமே வரும். வார்த்தைக்கு 80 காசு என்றார்கள். எனக்கு அது அதிகமா குறைவா என்று தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை. பள்ளியில் மாதம் 11,000 வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு, வீட்டில் இருந்தே அதைவிடக் கூட வருமே என்று தோன்றியது. உடனே சரி என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு 'சரி'க்கு நான் கொடுத்த விலை மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல். இதே வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், குறிப்பாக வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்கிற பெண்கள், அதே இடத்தில் விழக்கூடாது என்றுதான் முழுக் கணக்கையும் எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருடம் ரேட் பற்றி நான் வாயே திறக்கவில்லை. எங்கள் வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசுவதே மரியாதைக் குறைவு என்றுதான் வளர்த்தார்கள். நல்லா வேலை செய், அவங்களே பார்த்துச் செய்வாங்க என்பார் அப்பா. நானும் அப்படித்தான் நம்பினேன். தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி ஃபைல் வந்தாலும் மறுக்காமல் முடித்துக் கொடுத்தேன். அதற்குப் பலனாக இன்னும் நிறைய வேலை வந்தது, அதே 80 காசுக்கு.

2019 மார்ச்சில் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு மெயில் போட்டேன். அதை இப்போது எடுத்துப் படித்தால் மனசு கனக்கிறது. தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று தொடங்கி, பையனுக்கு எல்கேஜி ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கிறது, வீட்டு வாடகை ஏறிவிட்டது, முடிந்தால் ரேட்டைக் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று முடித்திருந்தேன். எவ்வளவு வேண்டும் என்ற எண்ணே அதில் இல்லை. இந்த வருடம் பட்ஜெட் இறுக்கம், அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் மேடம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கையேந்திவிட்டேனே என்ற அவமானம். அடுத்த நிதியாண்டும் வந்தது, போனது. அவர்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மெயிலில் என்ன தவறு என்று எனக்குப் புரிய இன்னும் இரண்டு வருடம் ஆனது. என் வீட்டுச் செலவு அவர்களுக்குக் காரணமே இல்லை. நான் கொடுக்கிற வேலைக்கு என்ன விலை என்பது மட்டும்தான் அவர்களோடு பேச வேண்டிய பேச்சு. எண் சொல்லாமல் கேட்டால் அது கோரிக்கையாக இருக்கிறதே தவிர, பேரமாக ஆவதில்லை.

இன்னொரு இழப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாதமும் என் பில்லில் 10 சதவீதம் குறைத்துத்தான் பணம் வரும். அது ஏஜென்சி எடுத்துக்கொள்கிற கமிஷன் என்று நினைத்திருந்தேன். 2019 ஜூலையில் என் கணவருடைய ஆடிட்டர் எதேச்சையாகப் பார்த்து, இது கமிஷன் இல்லைம்மா, வருமான வரிக்காக 194ஜே பிரிவில் முன்கூட்டியே பிடிக்கிற டிடிஎஸ், உன் பான் நம்பரில்தான் வரவாகி இருக்கும் என்றார். பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ் எடுத்துப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருந்தது. என் ஆண்டு வருமானம் வரி கட்டும் அளவுக்கே வரவில்லை என்பதால், கணக்குத் தாக்கல் செய்திருந்தால் முழுவதும் திரும்ப வந்திருக்கும். முதல் வருடத்துக்கான கெடு அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. 17,000 ரூபாய் போனது போனதுதான். இரண்டாவது வருடத்திலிருந்து ஒழுங்காகத் தாக்கல் செய்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். ரேட் பேசுகிற முதல் நாளே, டிடிஎஸ் பிடிப்பீர்களா, எத்தனை சதவீதம் என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது பெரிய இழப்புக்கு வருகிறேன். 2021 ஆகஸ்டில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் அறிமுகமானார். முப்பது வருடத்துக்கு மேல் மொழிபெயர்ப்பில் இருப்பவர். ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்டு ஃபோனில் பேசப்போய், பேச்சு ரேட் பக்கம் திரும்பியது. 80 காசு சார் என்றேன். சோர்ஸுக்கா, டார்கெட்டுக்கா என்று கேட்டார். மூலமான ஆங்கிலச் சொல்லுக்கா, நான் எழுதும் தமிழ்ச் சொல்லுக்கா என்பது கேள்வி. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. நான் அனுப்பும் தமிழ் ஃபைலில் எத்தனை வார்த்தை இருக்கிறதோ அதற்குத்தான் பில் போடுகிறேன் என்றேன். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "ஏம்மா, தமிழ்ச் சொல்லையா எண்ணிக் கொடுக்கிறாங்க? நாலு வருஷமாவா?" என்றார்.

ஃபோனை வைத்துவிட்டு ஒரு ஃபைலைத் திறந்து உட்கார்ந்தேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிக்குத் தருகிற குறிப்பு அது. 'ஃப்ரம் தி டே ஆஃப் யுவர் சர்ஜரி' என்று ஆங்கிலத்தில் ஆறு வார்த்தை. 'உங்கள் அறுவைசிகிச்சை நாளிலிருந்து' என்று என் தமிழில் மூன்றே வார்த்தை. 'இன் தி ஹாஸ்பிடல்' மூன்று, 'மருத்துவமனையில்' ஒன்று. ஆங்கிலத்தில் தனியாக நிற்கிற சின்னச் சின்னச் சொற்களெல்லாம் தமிழில் வேற்றுமை உருபாகவோ விகுதியாகவோ சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. நான் எவ்வளவு நல்ல, இறுக்கமான தமிழ் எழுதுகிறேனோ அவ்வளவு குறைவாக எனக்குப் பணம் வந்திருக்கிறது. அதை நினைத்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

மூன்று நாள் உட்கார்ந்து பழைய ஃபைல்களை எண்ணினேன். என் கையில் 1,000 ஆங்கிலச் சொல் சராசரியாக 720 தமிழ்ச் சொல்லாக ஆகியிருந்தது. மாதத்துக்குச் சராசரியாக 30,000 ஆங்கிலச் சொல் செய்திருக்கிறேன். அவர்கள் கணக்கில் அது 21,600, அதாவது 17,280 ரூபாய். ஆங்கிலச் சொல்லை எண்ணியிருந்தால் அதே 80 காசுக்கு 24,000 ரூபாய். மாதம் 6,720 வீதம் 48 மாதம்: 3,22,560 ரூபாய். ஏஜென்சி என்னிடம் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய வாடிக்கையாளருக்கு ஆங்கிலச் சொல்லை எண்ணித்தான் பில் போட்டார்கள் என்பது, அவர்களே தவறுதலாக எனக்கு ஃபார்வர்டு செய்த ஒரு பர்ச்சேஸ் ஆர்டரில் பின்னால் தெரிந்தது.

கோபத்தோடு உடனே ஃபோன் செய்யத்தான் கை பரபரத்தது. அந்தப் பெரியவர்தான் தடுத்தார். முதலில் உன் மணிக்கணக்கை எழுதும்மா, கோபத்தை வைத்துப் பேசினால் அவர்கள் சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்றார். ஒரு நோட்டை எடுத்து, மூன்று வாரம் ஒவ்வொரு ஃபைலுக்கும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் எழுதினேன். 1,000 ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்க்க மூன்று மணி நேரம். மறுவாசிப்புக்கு ஒரு மணி. ஃபைலைச் சரிசெய்வது, சந்தேகம் கேட்டு மெயில் போடுவது, பில் தயாரிப்பது எல்லாம் சேர்த்து அரை மணி. மொத்தம் நாலரை மணி நேரத்துக்கு நான் வாங்கியது 576 ரூபாய். மணிக்கு 128. அந்த எண்ணை நோட்டில் எழுதியபோது, அதுவரை இருந்த கூச்சமெல்லாம் போய்விட்டது. தைரியம் எனக்கு இயல்பாக வரக்கூடியதில்லை. அந்த நோட்டுதான் தந்தது. ரேட் பேசப் போகிற யாரும் முதலில் இதைச் செய்யுங்கள். மாதச் சம்பளக்காரர் என்றால் ஆண்டு சிடிசியைப் பார்க்காமல், நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டியெல்லாம் கழித்துக் கைக்கு வருவது எவ்வளவு, அதற்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பாருங்கள்.

அதன் பிறகு இரண்டு எண்களை முடிவு செய்தேன். மணிக்கு 250 ரூபாயாவது வேண்டும். நாலரை மணிக்கு 1,125. இணையம், சாஃப்ட்வேர் செலவையும் சேர்த்தால் 1,000 சொல்லுக்கு 1,200. ஆக, ஆங்கிலச் சொல்லுக்கு 1 ரூபாய் 20 காசுக்குக் கீழே போகக்கூடாது. கேட்பது 1 ரூபாய் 40 காசு. இந்தக் கீழ் எல்லையை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினேன். பேசுகிற சூட்டில் எதிர்முனை ஆள் கொஞ்சம் இழுத்தாலும் நான் இறங்கிவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

கேட்பதற்கு ஒரு நல்ல காரணமும் கையில் இருந்தது. அந்த வருடம்தான் அவர்கள் மெஷின் மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுங்கள், வார்த்தைக்கு 35 காசு என்று அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். போஸ்ட் எடிட்டிங் என்பார்கள். பாதி வேலையை மெஷினே செய்துவிட்டது, அதனால் ரேட் குறைவு என்பது அவர்கள் வாதம். ஒரு மூட்டு அறுவை சிகிச்சை ஒப்புதல் படிவத்தில் 'ரைட் நீ' என்று இருந்ததை மெஷின் 'சரியான முழங்கால்' என்று போட்டிருந்தது. வலது முழங்கால் என்று வர வேண்டிய இடம். படிவத்தில் இடது வலது குறிப்பிடுகிற ஐந்து இடத்தில் மூன்றில் இப்படி. நோயாளியோ அவர் மகனோ அதைப் படித்துக் கையெழுத்துப் போடப்போகிறார்கள். மேலோட்டமாகப் படித்தால் வாக்கியம் சரியாக இருப்பது போலவே தெரியும். அதனால் ஆங்கிலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். 1,000 சொல்லுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. கிடைத்தது 350 ரூபாய். மணிக்கு 100. நானே முதலிலிருந்து மொழிபெயர்ப்பதைவிடக் குறைவு. இன்றைக்கு மெஷினின் தமிழ் எவ்வளவோ தேறியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஃபைலைப் பார்க்காமல் போஸ்ட் எடிட்டிங் ரேட்டுக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. முதல் 200 சொல்லைத் திருத்திப் பார்த்து, ஆகிற நேரத்தை வைத்து ரேட் சொல்கிறேன்.

செப்டம்பர் நடுவில் மெயில் போட்டேன். இந்த முறை நாலே வரி. 'அக்டோபர் 1 முதல் எடுக்கும் வேலைகளுக்கு என் ரேட், ஆங்கில மூலச் சொல் ஒன்றுக்கு 1 ரூபாய் 40 காசு. கையில் உள்ள வேலைகளைப் பழைய ரேட்டிலேயே முடித்துத் தருகிறேன். நான்கு வருடத்தில் நான் தந்த ஃபைல்களில் கெடு தவறியது ஒன்றும் இல்லை. இது பற்றிப் பேச வியாழன் காலை 11 மணிக்கு வசதிப்படுமா?' மன்னிப்பும் இல்லை, வீட்டுக் கதையும் இல்லை.

வியாழக்கிழமை, ஏஜென்சியில் மொழிபெயர்ப்பாளர்களைக் கவனிக்கும் வெண்டர் மேனேஜரே பேசினார். "என்ன மேடம், திடீர்னு டபுளுக்கு மேல கேட்டா எப்படி?" என்றார். என் குரல் நடுங்கியது உண்மை. நோட்டைப் பார்த்தே பேசினேன். இத்தனை மணி நேரம் ஆகிறது, இது என் ரேட் சார் என்றேன். சோர்ஸுக்கே தருகிறோம், 90 காசு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முன்பானால் அந்த இடத்தில் நன்றி சொல்லி முடித்திருப்பேன். அன்றைக்கு ஒன்றும் பேசாமல் இருந்தேன். அந்த மௌனம் பத்து நொடிகூட இருக்காது. வாசலில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போவது தெளிவாகக் கேட்டது. பிறகு அவரே, சரி, ஒரு ரூபாய், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார். அப்போதுதான் முழங்கால் கதையைச் சொன்னேன். இந்தப் பிழை அப்படியே மருத்துவமனைக்குப் போயிருந்தால் உங்கள் வாடிக்கையாளர் என்ன செய்திருப்பார் சார் என்று கேட்டேன். மிரட்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அந்தக் கவலையோடுதான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அடுத்த இரண்டு நாளும் நரகம். இருந்ததும் போச்சு என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். என் கணவர், போனால் போகட்டும், மூன்று மாதம் சமாளிக்கலாம் என்றார். அந்த வார்த்தை பெரிய பலமாக இருந்தது. ஆனால் ஒழுங்காகச் செய்திருந்தால், கேட்பதற்கு முன்பே இன்னொரு வாடிக்கையாளரையாவது பிடித்து வைத்திருக்க வேண்டும். ஒரே ஏஜென்சியை நம்பி இருக்கிறவர் பேரம் பேசுவது கயிற்றின் மேல் நடப்பதுதான். சனிக்கிழமை மெயில் வந்தது: ஆங்கிலச் சொல்லுக்கு 1 ரூபாய் 25 காசு.

உடனே எல்லாம் நல்லபடியாகிவிடவில்லை. அக்டோபரில் எனக்கு வந்த வேலை 14,000 சொல்தான். பாதி வேலை மலிவான ரேட்டில் செய்கிறவர்களிடம் போய்விட்டது. முதலில் பயந்தேன். மாதக் கடைசியில் பில் போட்டபோது 17,500 ரூபாய் வந்தது. 30,000 சொல் செய்து வாங்கிக்கொண்டிருந்த அதே பணம், அதில் பாதிக்கும் குறைவான வேலையில். மிச்ச நேரத்தில், மொழிபெயர்ப்பாளர்களுக்கான ப்ரோஸ் தளத்தில் என் விவரங்களைப் பதிந்து வெளி ஏஜென்சிகளுக்கு எழுதினேன். அந்தத் தளத்தில் புளூ போர்டு என்று ஒரு பகுதி உண்டு. எந்த ஏஜென்சியோடு மறுபடியும் வேலை செய்யத் தயார் என்று மொழிபெயர்ப்பாளர்களே மதிப்பிட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் யாருக்கும் டெஸ்ட் எழுதாதீர்கள். இலவச டெஸ்ட் என்றால் 300 சொல்லுக்கு மேல் நான் செய்வதில்லை. ஒருமுறை 1,800 சொல்லை டெஸ்ட் என்று செய்து கொடுத்து, அதன் பிறகு அவர்களிடமிருந்து ஒரு வரிகூடப் பதில் வரவில்லை.

ரேட் நல்ல ரேட்டாக இருந்தாலும் உள்ளே வேறு கணக்குகள் இருக்கும். ட்ரேடோஸ், மெமோகியூ போன்ற மென்பொருள்கள் பழைய மொழிபெயர்ப்பை நினைவில் வைத்திருக்கும். முன்பு வந்த வாக்கியமே திரும்ப வந்தால், அல்லது 85 சதவீதம் ஒத்துப்போனால், அதற்குத் தள்ளுபடி கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் 5,000 சொல் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்து, பில் போடும்போது 2,900 சொல்லாக்கிவிட்டார்கள் ஒருமுறை. அதிலிருந்து, வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே, எத்தனை சொல் புதிது, எத்தனை பழையது என்று மென்பொருள் காட்டும் அனாலிசிஸ் ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லி, எந்த வகைக்கு எத்தனை சதவீதம் என்று மெயிலில் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

பணம் எப்போது வரும் என்பதும் ரேட்டில் சேர்ந்ததுதான். 2022-இல் வடக்கே உள்ள ஒரு ஏஜென்சி 41,600 ரூபாயை ஏழு மாதம் இழுத்தடித்தது. கடைசியில் 26,000 வந்தது. மீதி வரவே இல்லை. அப்போதுதான் உத்யம் பதிவு பற்றித் தெரிந்தது. ஆதார், பான் வைத்து அரசுத் தளத்தில் இலவசமாகப் பதியலாம், என்னைப் போல் தனியாக வேலை செய்கிறவர்களும் குறுந்தொழிலாகப் பதியலாம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இடி சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கென உள்ள அரசுத் தளத்தில் புகாரும் கொடுக்கலாம். நான் வேலையை முடித்த பிறகு பதிந்ததால், பழைய பாக்கிக்கு இதை வைத்து வாதாடுவது கஷ்டம் என்றார் ஆடிட்டர். ஆகவே முதல் வேலையை எடுப்பதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கெடுவுக்குள் தராத பணத்தை, தந்த வருடத்தில்தான் அவர்கள் செலவாகக் காட்ட முடியும். அதனால் இப்போது சில ஏஜென்சிகளின் கணக்குப் பிரிவே உத்யம் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

இப்போது வருடா வருடம் மார்ச் முதல் வாரத்தில், ஏஜென்சிகள் புது நிதியாண்டுக்கான பட்ஜெட்டை முடிவு செய்வதற்கு முன்பாக, எல்லோருக்கும் என் புதிய ரேட்டை அனுப்பிவிடுகிறேன். போன மார்ச்சில் 15 காசு ஏற்றினேன். ஒருவர் அப்படியே ஒப்புக்கொண்டார். இன்னொருவர் ஐந்து காசு குறைக்கச் சொன்னார். குறைத்தேன். அதற்குப் பதிலாக 45 நாள் கெடுவை 30 நாளாக்கித் தாருங்கள் என்றேன். இரண்டு மெயிலில் முடிந்துவிட்டது.